சிக்னல் 11 வந்தால் செத்தது யார்? வேறு சிப்புக்கான புரோகிராமை எமுலேட்டரில் ஓட்டும்போது வரும் கிராஷ்கள்

ஆர்ம் சிப் உள்ள மேக்கில் டாக்கர் (புரோகிராமை அதன் நூலகங்களோடு கட்டி, கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) போட்டு, இன்டெல் சர்வருக்காகக் கட்டிய ஒரு இமேஜை, அதாவது அந்தக் கட்டை, ஓட்டுகிறீர்கள். சர்வரில் வருஷக்கணக்கில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடிய அதே இமேஜ்தான். இங்கே நாலு விநாடி ஓடிவிட்டு ஒரே ஒரு வரியைத் துப்பிவிட்டுப் படுத்துக்கொள்கிறது: "கியூஇஎம்யூ: அன்காட் டார்கெட் சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்".

கியூஇஎம்யூ என்பது எமுலேட்டர், அதாவது ஒரு சிப்புக்கான புரோகிராமை வேறு சிப்பில் ஓட்டிக்காட்டும் மென்பொருள். சிக்னல் என்பது கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) புரோகிராமுக்கு அனுப்பும் அறிவிப்பு; 11 என்றால் தொடக் கூடாத மெமரியைத் தொட்டுவிட்டது. இதைப் பார்த்ததும் பாதிப் பேர் தங்கள் கோடில் பாயின்டர் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) பிழை தேடக் கிளம்புகிறார்கள். மீதிப் பேர் எமுலேட்டர் என்றாலே இப்படித்தான் என்று கையை விரித்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற ஒரே பெயரில் இங்கே மூன்று விதமான விபத்துகள் வருகின்றன, அவற்றில் எது நடந்தது என்று பிரிக்காமல் டீபக்கரை, அதாவது பிழை தேடும் கருவியை, திறந்தால் அன்றைய நாள் போச்சு.

முதலில் அடிப்படை: எமுலேட்டர் என்னதான் செய்கிறது

லினக்ஸ் புரோகிராம் ஃபைல் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும், எந்த சிப்புக்காகக் கட்டியது என்று ஓர் எண் இருக்கும். எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் வகை; ஏஎம்டி64 என்றும் சொல்வார்கள்) என்றால் 62, 64 பிட் ஆர்ம் என்றால் 183, ரிஸ்க்-ஃபைவ் என்றால் 243. கெர்னல் அதைப் பார்த்து, நம் சிப் இல்லையே என்று தெரிந்ததும், பின்ஃப்எம்டி-மிஸ்க் என்ற ஏற்பாட்டில் யாராவது பதிவு செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுகிறது. "62 வந்தால் கியூஇஎம்யூவைக் கூப்பிடு" என்று பதிவு இருந்தால் அதன் கையில் ஃபைலைக் கொடுத்துவிடும். பதிவு இல்லையென்றால் "எக்ஸெக் ஃபார்மட் எர்ரர்" வரும். அது கிராஷே இல்லை, புரோகிராம் தொடங்கவே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கியூஇஎம்யூவை ஃபப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்டார். அதில் இரண்டு வகை ஓட்டம் உண்டு. ஒன்று, முழுக் கம்ப்யூட்டரையும் பாவனை செய்வது. உள்ளே தனி கெர்னலே ஓடும். இன்னொன்று, யூசர் மோட்: ஒரே ஒரு புரோகிராமை மட்டும் ஓட்டுவது. டாக்கரில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை, நாம் பேசப்போவதும் அதைத்தான்.

யூசர் மோடில் உள்ளே ஓடும் புரோகிராமை கெஸ்ட் என்றும், உண்மையான மெஷினை ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். விருந்தாளியும் வீட்டுக்காரரும் மாதிரி. எமுலேட்டர் இரண்டு வேலை பார்க்கிறது.

1. கெஸ்டின் மெஷின் கட்டளைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஹோஸ்ட் சிப்பின் கட்டளைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. ஒரு துண்டு என்பது தோராயமாக அடுத்த ஜம்ப் வரும் வரை. இதற்கு டிரான்ஸ்லேஷன் பிளாக் என்று பெயர்.

2. கெஸ்ட் கெர்னலிடம் ஏதாவது கேட்டால், அதாவது சிஸ்டம் கால் செய்தால், அதை ஹோஸ்ட் கெர்னலுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. ஃபைலில் எழுதும் ரைட் என்ற கால் எக்ஸ்86-64-இல் எண் 1, ஆர்ம்64-இல் எண் 64. எண் மட்டும் மாறினால் பரவாயில்லை, கூடவே அனுப்பும் தரவுக் கட்டமைப்புகளின் அடுக்குமுறையும் பல இடங்களில் மாறும்.

இதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் ரொசெட்டா 2, 2020-இல் எம்1 சிப்போடு வந்தது. அது முடிந்தவரை புரோகிராமை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடும், ஆனால் கணக்கு ஒன்றுதான். 2022-இன் வென்ச்சுரா பதிப்பிலிருந்து மேக்கில் ஓடும் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளும் அதைப் பயன்படுத்தலாம். டாக்கர் டெஸ்க்டாப்பில் இருக்கும் ரொசெட்டா தேர்வு அதுதான்.

செத்தது யார், கொன்றது யார்

இப்போது மூன்று இடங்கள் தெளிவாகின்றன.

1. கெஸ்ட் புரோகிராமே தப்பான முகவரியைத் தொட்டது.
2. மொழிபெயர்ப்பாளர், அதாவது எமுலேட்டர், சொந்த வேலையில் விழுந்தது அல்லது தப்பாக மொழிபெயர்த்தது.
3. இரண்டுக்கும் நடுவே, கெர்னலோடு பேசும் தையலில் பிரிந்தது.

பிழைச் செய்தியின் வார்த்தைகளை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். "டார்கெட் சிக்னல்" என்றால் டார்கெட் இங்கே கெஸ்ட். கெஸ்டுக்கு சிக்னல் போனது, அது பிடித்துக்கொள்ளவில்லை, செத்தது. அதற்குப் பதிலாக "கியூஇஎம்யூ இன்டர்னல் சிக்செக்வி" என்று வந்தால் விழுந்தது எமுலேட்டரே. அந்த நிலையில் உங்கள் கோடில் எதையும் தேட வேண்டாம். எமுலேட்டரின் பதிப்பை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் முதல் வகைச் செய்தி வந்துவிட்டதாலேயே தப்பு கெஸ்டுடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எமுலேட்டர் ஒரு கட்டளையைத் தப்பாக மொழிபெயர்த்து, ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் சின்ன இடம்) குப்பை எண் உட்கார்ந்து, நூறு கட்டளை தள்ளி கெஸ்ட் அந்த எண்ணை முகவரியாக நம்பித் தொட்டால், செத்தது கெஸ்ட், கொன்றது எமுலேட்டர். செய்தி சொல்வது பிணம் கிடந்த இடத்தை மட்டும்தான்.

கன்டெய்னரில் செய்தியே தெரியாமல் எக்ஸிட் கோட் (புரோகிராம் முடியும்போது விட்டுப்போகும் எண்) மட்டும் கிடைத்தால் அதிலிருந்து 128-ஐக் கழியுங்கள். 139 என்றால் சிக்னல் 11. 132 என்றால் சிக்னல் 4, தெரியாத கட்டளை. 134 என்றால் 6, புரோகிராம் தானே அபார்ட் செய்துகொண்டது. 135 என்றால் 7, பஸ் எர்ரர்.

சிக்னல் 4: சுலபமான வகை

சிக்னல் 4 வந்தால் சந்தோஷப்படலாம், காரணம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். எக்ஸ்86-64 என்பது ஒரே பொருள் இல்லை. 2003-இல் வந்த அடிப்படைக் கட்டளைகளுக்கு மேல் எஸ்எஸ்இ4, ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்று அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே வந்தன. ஒழுங்கான புரோகிராம், சிப்பிடம் "உனக்கு ஏவிஎக்ஸ் தெரியுமா" என்று கேட்டுவிட்டு அப்புறம் பயன்படுத்தும். கேட்காமலே பயன்படுத்துவதும் உண்டு. டென்சர்ஃப்ளோவின் அதிகாரபூர்வ பைனரிகள் 1.6 பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் இருக்கும் என்று நம்பியே கட்டப்பட்டவை. மாங்கோடிபி 5.0-உம் அப்படித்தான், ஏவிஎக்ஸ் இல்லாத இடத்தில் தொடங்கும்போதே சாகும்.

கியூஇஎம்யூவின் மொழிபெயர்ப்பாளருக்கு ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் 7.2 பதிப்பில்தான் வந்தன, 2022 டிசம்பர். ரொசெட்டாவுக்கு 2024-இன் செக்கோயாவில் வந்தது. உங்கள் மெஷினில் இருப்பது அதைவிடப் பழையது என்றால் வேறு விசாரணையே தேவையில்லை. புதிய கியூஇஎம்யூவாக இருந்தும் விழுந்தால், எந்த சிபியூ மாதிரியைப் பாவனை செய்கிறது என்று பாருங்கள். கியூஇஎம்யூ64 என்ற பழைய மாதிரி மிகக் குறைந்த வசதிகளையே காட்டும். ரெட் ஹாட் லினக்ஸ் 9-இன் நூலகங்கள் எக்ஸ்86-64-வி2 என்ற அடுக்கையாவது எதிர்பார்ப்பதால், அந்த மாதிரியில் "சிபியூ டஸ் நாட் சப்போர்ட்" என்று லினக்ஸின் அடிப்படை சி நூலகமான குளிப்சியே வாசலில் நிறுத்திவிடும். கியூஇஎம்யூ_சிபியூ என்ற சூழல் மாறியில் மேக்ஸ் என்று வைத்துப் பாருங்கள்.

சிக்னல் 11: இங்கேதான் வேலை

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. அடிக்கடி வரும் நாலைச் சொல்கிறேன், மூன்றாவதில்தான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும்.

1. பேஜ் அளவு. கெர்னல் மெமரியைப் பேஜ் என்ற துண்டுகளாகத்தான் பிரித்துக் கொடுக்கும், பூட்டும். எக்ஸ்86-இல் மெமரி பேஜ் 4 கேபி. ஆர்ம்64 கெர்னல் 4, 16, 64 கேபி மூன்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ராஸ்பெரி பை 5-இன் இயல்பான கெர்னல் 16 கேபி. கெஸ்ட், 4 கேபி எல்லையில் இந்த ஒரு பேஜை மட்டும் படிக்க மட்டுமே என்று பூட்டச் சொன்னால், 16 கேபி தவிர சின்னதாக ஹோஸ்டால் பூட்ட முடியாது. ஆப்பிள் சிப்புகளுக்கான அசாஹி லினக்ஸில் எஃப்இஎக்ஸ் எமுலேட்டரை 4 கேபி கெர்னல் கொண்ட ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்து ஓட்டுவது இதற்காகத்தான். கெட்கான்ஃப் கமாண்டில் பேஜ்சைஸ் கேட்டால் ஹோஸ்டின் எண் வந்துவிடும்.

2. ஓடும்போதே கோட் எழுதும் புரோகிராம்கள். ஜாவா, நோட், டாட்நெட் எல்லாம் ஜிட் முறையில் மெமரியில் கட்டளைகளை எழுதி அப்படியே ஓட்டுகின்றன. எக்ஸ்86 சிப்பில் எழுதியது உடனே செல்லும். எமுலேட்டரோ பழைய கட்டளையின் மொழிபெயர்ப்பைக் கேஷில் வைத்திருக்கிறது. அசல் மாறியதைக் கண்டுபிடித்து அந்த மொழிபெயர்ப்பைத் தூக்கி எறிய வேண்டும். இதில் ஒரு நொடி பிசகினால் பழைய கோட் ஓடும். இதோடு திரெட்டுகளும் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) சிக்னல்களும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். டாட்நெட் தரப்பே கியூஇஎம்யூவில் ஓட்டுவதை ஆதரிப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. கோ மொழியும் 1.14-இலிருந்து கோரூட்டீன்களை (கோ மொழியின் குட்டி திரெட்டுகள்) நிறுத்த சிக்னல் அனுப்புகிறது. கோ புரோகிராம் காரணமில்லாமல் செத்தால் கோடீபக் மாறியில் அசிங்க்ப்ரீஎம்ப்ட்ஆஃப்=1 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்பலாம்.

3. மெமரி வரிசை. எக்ஸ்86-க்கும் ஆர்முக்கும் உள்ள ஆழமான வித்தியாசம் இது, நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு திரெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் திரெட் ஒரு பெட்டியில் 42 என்று எழுதுகிறது, அப்புறம் "தயார்" என்ற கொடியை 1 ஆக்குகிறது. இரண்டாவது திரெட் கொடியையே பார்த்துக்கொண்டிருந்து, 1 ஆனதும் பெட்டியைத் திறக்கிறது. எக்ஸ்86-இல் சிப்பின் ஒரு கோர் (தனித்தனியாகக் கட்டளை ஓட்டும் பகுதி) எழுதிய வரிசையிலேயேதான் மற்ற கோர்களுக்குத் தெரியும். கொடி 1 என்றால் பெட்டியில் 42 நிச்சயம். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது. கொடி முன்னால் தெரிந்து, பெட்டியில் பழைய குப்பை இருக்கலாம். பெட்டியில் இருப்பது எண்ணாக இல்லாமல் பாயின்டராக இருந்தால்? சிக்னல் 11.

ஆர்முக்காக எழுதி ஆர்முக்காகக் கம்பைல் செய்த புரோகிராமில் நடுவே ஒரு தடுப்புக் கட்டளை இருக்கும். எக்ஸ்86-க்காகக் கம்பைல் ஆன பைனரியில் அது இருக்காது, ஏனென்றால் அங்கே தேவையே இல்லை. ஆக அந்தத் தடுப்பைப் போடும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளர் தலையில் விழுகிறது. எல்லா இடத்திலும் போட்டால் வேகம் படுத்துவிடும், விட்டால் தப்பு நடக்கும். ஆப்பிள் இதற்கு சிப்பிலேயே வழி வைத்தது: எம் வரிசை சிப்புகளில் எக்ஸ்86 மாதிரியே வரிசை காக்கும் ஒரு நிலை உண்டு, ரொசெட்டா ஓடும் திரெட்டுகளுக்கு அதை இயக்கிவிடுவார்கள். ரொசெட்டாவின் வேகத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இதைச் சோதிக்க மலிவான வழி ஒன்று உண்டு. டாஸ்க்செட் கமாண்டில் புரோகிராமை ஒரே ஒரு கோரில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். ஒரு கோர் தான் எழுதியதைத் தனக்கே மாற்றிக் காட்டிக்கொள்ளாது. பத்துக்கு ஏழு முறை செத்தது இப்போது ஐம்பது முறை ஓட்டியும் சாகவில்லை என்றால், திரெட்டுகளுக்கு இடையேதான் கோளாறு. இது நிரூபணம் ஆகாது, சாதாரண ரேஸ் பிழையும் (திரெட்டுகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) இப்படி ஒளிந்துகொள்ளும். ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

திருப்பிப் போட்டால் இன்னும் வேடிக்கை. ஆர்ம் புரோகிராமை இன்டெல் மெஷினில் எமுலேட் செய்து டெஸ்ட் ஓட்டும் சிஐ, அதாவது தானியங்கிச் சோதனை, அமைப்புகள் ஏராளம். அங்கே ஹோஸ்ட் கண்டிப்பானது, கெஸ்ட் தளர்வானது. தடுப்புக் கட்டளையை மறந்துபோன ஆர்ம் கோட் அங்கே பாஸ் ஆகிவிட்டு, உண்மையான ஆர்ம் போர்டில் போய் சாகும். எமுலேட்டரில் பச்சை விளக்கு எரிந்ததை வைத்து திரெட் பிழை இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

4. கிடைக்காத சிஸ்டம் கால். ஐஓ-யூரிங் (ஃபைல், நெட்வொர்க் வேலைகளை வேகமாகச் செய்யும் லினக்ஸ் வசதி) போன்றவற்றை கியூஇஎம்யூ யூசர் மோட் செயல்படுத்துவதில்லை. "இல்லை" என்ற பதிலைத் திருப்பி அனுப்பும். புரோகிராம் அந்தப் பதிலைப் பார்த்து மாற்று வழிக்குப் போனால் சரி. பார்க்காமல் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு மேலே போனால், இருபது வரி தள்ளி செக்மென்டேஷன் ஃபால்ட். சாவு ஒரு இடம், காரணம் வேறு இடம்.

கருவிகள்: எந்த வரிசையில்

கன்டெய்னருக்குள் ஜிடிபி என்ற டீபக்கரை நிறுவி ஓட்டினால் வேலை செய்யாது, பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஜிடிபி நம்பியிருப்பது பிட்ரேஸ் என்ற சிஸ்டம் காலை, யூசர் மோட் அதைத் தருவதில்லை. "பிட்ரேஸ்: ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" என்று வரும். சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸுக்கும் இதே கதி. எமுலேட்டரிடமேதான் கேட்க வேண்டும்.

1. முதலில் ஓட்டுவது கியூஇஎம்யூவா ரொசெட்டாவா என்று உறுதி செய்யுங்கள். கன்டெய்னரின் பிராசஸ் பட்டியலில் புரோகிராம் பெயருக்கு முன்னால் ரொசெட்டா என்ற பாதை தெரிந்தால் கியூஇஎம்யூ மாறிகள் எதுவும் பலிக்காது.

2. டாக்கர் டெஸ்க்டாப்பில் மற்றதற்கு மாற்றி அதே இமேஜை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் செத்தால் சந்தேகம் கெஸ்ட் பக்கம் சாயும். ஒன்றில் மட்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் பக்கம். கோட் ஒரு வரிகூடப் படிக்காமல் கிடைக்கும் தகவல் இது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

3. கியூஇஎம்யூ_எஸ்ட்ரேஸ் மாறியை 1 ஆக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு சிஸ்டம் காலும் பதிலோடு வரும். கடைசிப் பத்து வரிகளில் மைனஸ் பதில்களைப் பாருங்கள்.

4. டீபக்கர் வேண்டுமென்றால் கியூஇஎம்யூ_ஜிடிபி மாறியில் 1234 போன்ற போர்ட் எண். எமுலேட்டர் முதல் கட்டளையிலேயே நின்று காத்திருக்கும். இந்த மாறியை கன்டெய்னர் முழுவதற்கும் வைத்தால் உள்ளே தொடங்கும் ஷெல்லே முதலில் நின்றுவிடும் என்பதால், அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் வையுங்கள். ரொசெட்டாவில் இதற்கு ரொசெட்டா_டீபக்சர்வர்_போர்ட் என்ற மாறி. வெளியிலிருந்து ஜிடிபி-மல்டிஆர்ச் என்ற, பல சிப்புகளும் தெரிந்த ஜிடிபியில் இணைந்து ஓடவிடுங்கள். கெஸ்டின் நூலகங்கள் இருக்கும் ஃபோல்டரை சிஸ்ரூட்டாகக் காட்டாவிட்டால் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) முழுக்கக் கேள்விக்குறிகளாக வரும்.

நின்ற இடத்தில் இரண்டைப் பாருங்கள்: பிசி ரெஜிஸ்டர் (ஓடும் கட்டளையின் முகவரி), அந்த இடத்தின் கட்டளை. பிசியே பூஜ்ஜியமாகவோ அர்த்தமில்லாமலோ இருந்தால் தப்பான ஃபங்ஷன் பாயின்டர் வழியாகத் தாவியிருக்கிறது. பிசி சரியாக இருந்து, தொட்ட முகவரி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் 8, 16 என்று இருந்தால் வெறும் நல் பாயின்டர். ஸ்டாக்கின் (ஃபங்ஷன்கள் தற்காலிகத் தரவை வைக்கும் மெமரி) அடிவிளிம்பை ஒட்டியிருந்தால் ஸ்டாக் நிரம்பிவிட்டது. முகவரி பார்க்க நியாயமாகவே இருந்து, அந்த இடம் மட்டும் மேப் ஆகாமல் இருந்தால், பேஜ் விவகாரத்தையோ தோற்றுப்போன எம்மேப் (மெமரி கேட்கும் சிஸ்டம் கால்) காலையோ தேடுங்கள்.

5. கோர் ஃபைலை (சாகும்போது மெமரியில் இருந்ததன் நகல், சிப்பின் கோர் இல்லை) திறக்கும் முன் அது யாருடையது என்று பாருங்கள். கியூஇஎம்யூ தன் பெயரில் தொடங்கி எழுதும் கோர் கெஸ்டுடையது. ஹோஸ்ட் கெர்னல் எழுதும் கோர் எமுலேட்டருடையது. அதில் உங்கள் ஃபங்ஷன் எதுவும் தெரியாது.

6. மொழிபெயர்ப்புப் பிழை என்று சந்தேகம் வலுத்தால், ஒரு பிளாக்குக்கு ஒரே கட்டளை என்ற நிலையில் ஓட்டுங்கள், பழைய பதிப்புகளில் இதற்கு சிங்கிள்ஸ்டெப் என்று பெயர். ரொம்ப மெதுவாகும். ஆனால் கிராஷ் மறைந்தாலோ இடம் மாறினாலோ மொழிபெயர்ப்புதான் குற்றவாளி என்பதற்கு நல்ல தடயம். லாக் எடுக்கும்போது ஒரு கண்ணி உண்டு: இன்-ஏஎஸ்எம் லாக், பிளாக் மொழிபெயர்க்கப்பட்டபோது எழுதப்படுவது. அதன் கடைசி வரி கடைசியாக ஓடிய கட்டளை என்று அர்த்தமில்லை. ஓடிய வரிசை வேண்டுமென்றால் எக்ஸெக், நோசெயின் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எமுலேட்டர் மேல் போடக்கூடாத பழிகள்

ஆர்ம் லினக்ஸில் சி மொழியின் கேர் வகை குறியில்லாதது (மைனஸ் எண் வைக்காது), எக்ஸ்86-இல் குறியுள்ளது. இதனால் வரும் பிழைகள் பிரபலம், ஆனால் அவை வேறு சிப்புக்காக மறுபடி கம்பைல் செய்யும்போது வருபவை. எமுலேட்டரில் ஓடுவது ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரி, அந்த முடிவெல்லாம் அதற்குள் உறைந்துவிட்டது. கிராஷுக்கு அதைக் காரணம் சொன்னால் தப்பு.

இன்னொன்று, எமுலேட்டரில் நேரமும் மெமரி அமைப்பும் மாறுவதால், சர்வரில் அதிர்ஷ்டத்தால் தப்பித்துக்கொண்டிருந்த உண்மையான பிழை இங்கே வெளியே வருவதும் நடக்கும். அதே பைனரியை ஓர் உண்மையான எக்ஸ்86 மெஷினில் வால்கிரைண்ட் என்ற மெமரிப் பிழை காட்டும் கருவியில் ஓட்டினால் தெரிந்துவிடும்.

எத்தனை நாளைக்கு

கிராஷைத் தீர்ப்பதைவிட அந்த எமுலேஷனே தேவையா என்று கேட்பது பல இடங்களில் மலிவு. போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், என்ஜின்எக்ஸ் போன்றவற்றின் அதிகாரபூர்வ இமேஜ்கள் ஆர்ம்64-க்கும் கிடைக்கின்றன; டாக்கர்ஃபைலில் யாரோ எப்போதோ எழுதிவைத்த பிளாட்ஃபார்ம் வரியால் மட்டும் ஏஎம்டி64 இறங்கிக்கொண்டிருக்கும். சொந்த இமேஜ் என்றால், கோ, ரஸ்ட் போன்றவற்றை எமுலேட்டருக்குள் கம்பைல் செய்வதைவிட ஹோஸ்ட் சிப்பிலேயே கிராஸ் கம்பைல் செய்வது (ஒரு சிப்பில் இருந்தே வேறு சிப்புக்குக் கட்டுவது) வேகம், கம்பைலரே நடுவில் சாகும் தொல்லையும் இல்லை.

ஆப்பிள், 2025 ஜூனில் நடந்த டெவலப்பர் மாநாட்டில், பொதுப் பயன்பாட்டுக்கான ரொசெட்டா மேக்ஓஎஸ் 27 வரைதான், அதற்குப் பிறகு பழைய கேம்களுக்காக ஒரு பகுதி மட்டும் இருக்கும் என்று அறிவித்துவிட்டது. ஏஎம்டி64 இமேஜ் மட்டுமே உள்ள சர்வீஸ்கள் உங்களிடம் எத்தனை என்று இப்போதே ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள்.